சப்பாத்தோடு நின்ற வாசல்

மட்டக்களப்புக்கு வருகிற ஆட்களுக்கு எங்களிடம் ஒரு வழக்கமான பட்டியல் இருக்கு: கோட்டை, கல்லடிப் பாலம், வெளிச்சவீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பனுக்கும் அதையே காட்டினேன். கோட்டை பார்த்து முடிந்தும் பஸ்ஸுக்கு நேரம் மிச்சம். "பக்கத்தில வேறென்ன மச்சான் இருக்கு?" எண்டு கேட்டான். புளியந்தீவுக்குள்ளேயே நடந்து மரியாள் பேராலயத்துக்குப் போனோம்.

வாசலில் ஒரு சின்னக் குழப்பம். நாங்கள் ரெண்டு பேரும் சைவ வீட்டுப் பிள்ளைகள். சப்பாத்தைக் கழட்டுவதா, வேண்டாமா? உள்ளேயிருந்து வந்த ஒரு அம்மம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தா. "உங்கட விருப்பம் மனே. மறுகா, சத்தம் போடாம இரிங்க, காணும்."

கழட்டினோம். யோசித்துப் பார்த்தால், சப்பாத்து என்பதே போர்த்துக்கேயச் சொல். மேசை, சாவி, அலுமாரி, காலையில் நாங்கள் தின்ற பாண் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இவ்வளவுக்கும் மட்டக்களப்புக் கோட்டை அவர்கள் கையில் இருந்தது பத்து வருஷம் மட்டுமே. 1628இல் கட்டத் தொடங்கினார்கள். 1638இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். ஆனால் இந்த ஊர்ப் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்றும் கேட்கிறது.

கத்தோலிக்கம் துவக்கோடு வந்த சமயம் எண்டுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதிக் கதை. துவக்கு போன பிறகு அது எப்படி மிஞ்சியது என்பதுதான் மற்றப் பாதி. ஒல்லாந்தர் 1658இல் போட்ட சட்டப்படி, கத்தோலிக்கக் குருவை ஒளித்து வைத்தவருக்கு மரண தண்டனை. தீவில் குருமாரே இல்லாத அந்தக் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அவருக்குப் பின்னால் கோவாக் குருமார் இன்னும் பலர் வந்தார்கள். அந்தத் திருச்சபையைக் காப்பாற்றியவர்கள் ஐரோப்பியர் அல்ல. இந்தியக் குருமாரும், வீட்டுக்குள் ரகசியமாகச் செபம் சொன்ன ஊர்ச் சனமும்தான். கத்தோலிக்கருக்குச் சட்டப்படி சுதந்திரம் கிடைத்தது ஆங்கிலேயர் காலத்தில், 1806இல்.

பிறகு யேசு சபையினர் வந்தார்கள். எங்கட ஊரில் புனித மைக்கேல் கல்லூரி எண்டால் கூடைப்பந்து. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் அமெரிக்கக் குருமார். அவர்களில் ஒருவர் லூசியானாவைச் சேர்ந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை.

இந்தப் பேராலயத்தின் சொந்தக் காயம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் பட்டது. நற்கருணை வாங்கிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைக் கோயிலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். பக்கத்தில் இருந்த மனைவியும் காயப்பட்டார். பத்து வருஷத்துக்குப் பிறகுதான் கைதுகள் நடந்தன. 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப்போவதில்லை எண்டார், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். கொலை நடந்ததை மறுக்க யாருமில்லை. கொன்றது யார் என்பதற்கு மட்டும் இன்றுவரை தீர்ப்பு இல்லை.

அது நடந்தபோது எனக்கு ரெண்டு வயது. அவனுக்கும் அப்படித்தான். உள்ளே வாங்கில் இருந்தபடி மெதுவாக இதைச் சொன்னேன். கோட்டையில் ஐம்பது படம் எடுத்தவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டான்.

"இதையும் பட்டியல்ல போடலாமே," எண்டான் வெளியே வந்து.

போடலாம். ஆனால் எப்படிப் போடுவது? சுற்றுலாப் பட்டியலுக்கு ஒரு கட்டடமும் ஒரு வருஷமும் போதும். ஒல்லாந்தர் போட்ட சட்டம் எந்த வருஷம் எண்டு எங்களால் சரியாகச் சொல்ல முடிகிறது, ஏனெண்டால் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கட காலத்தில், நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்த கோயிலில் நடந்த கொலை தீர்ப்பில்லாமலே வரலாறாகிக்கொண்டிருக்கு. அன்றிரவு அங்கே இருந்தவர்கள் இன்னும் எங்களுக்குள் வாழ்கிறார்கள். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற நாங்கள் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதவேண்டாமா?

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரும்பினோம். அந்த அம்மம்மா இன்னும் வாசலில் நின்றா. "பாத்தீங்களா மனே?" எண்டு கேட்டா. ஓம் எண்டோம். அன்றிரவு அவவும் உள்ளே இருந்தாவா எண்டு கேட்கத் துணிவு வரவில்லை. அடுத்த முறை கேட்கவேண்டும்.