பணக்காரன் நோயும் உப்புக்கண்டமும்

இன்னைக்கு ஒரு பட்டப்பேரோட வரலாற்றைப் பார்க்கப்போறோம். பட்டப்பேர் மனுஷனுக்கு இல்ல, ஒரு நோய்க்கு. நோயோட பேர் கவுட். ராத்திரி நல்லாப் படுத்தவர், விடியறதுக்குள்ள கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறுவார். இதுக்கு வச்ச பட்டப்பேர் 'பணக்காரன் நோய்'. அந்தப் பேர் ஒரு காலத்துல ஓரளவு பொருந்துச்சு. இன்னைக்கு அதை நம்பினா ஆபத்து.

முதல்ல உடம்புக்குள்ள நடக்கிறதைப் பார்ப்போம். நம்ம செல்கள்லயும் நாம சாப்பிடுற உணவுலயும் ப்யூரின்னு ஒரு பொருள் இருக்கு. அது உடைஞ்சா யூரிக் அமிலம். சிறுநீரகம் அதை வெளியேத்தணும். ரத்தத்துல ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினா அது கரையாம, ஊசி ஊசியா படிகமாகி மூட்டுல தங்கலாம். வலி அங்கேருந்துதான் வருது.

இப்போ சுமார் 2000 வருஷம் பின்னாடி போவோம். சரக சம்ஹிதையோட சிகிச்சைப் பகுதியில 29-ஆவது அத்தியாயம் 'வாதரக்தம்' பத்திப் பேசுது. அதுவும் இன்னைய கவுட்டும் அப்படியே ஒண்ணுன்னு சொல்ல முடியாது, ஆனா நிறைய ஒத்துப்போகுது. அதுக்கு அங்கே இன்னொரு பேர் 'ஆட்யவாதம்'. ஆட்யர்னா வசதி படைச்சவர். அதிகம் நடக்காத, சொகுசா வாழுறவங்களுக்கு வரும்னு சொல்லிட்டு, காரணமான உணவுகளை அடுக்குது. அதுல மது இருக்கு, கரும்பு இருக்கு, கூடவே உலர்த்தின இறைச்சியும் இருக்கு.

ஐரோப்பாவுலயும் இதே கதைதான். அங்கே இது அரசர்களின் நோய். 1799-ல ஜேம்ஸ் கில்ரே வரைஞ்ச கேலிச்சித்திரத்துல ஒரு கறுப்புக் குட்டிப்பேய் வீங்கின பாதத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1797-ல, வோலஸ்டன் கவுட் கட்டியில யூரிக் அமில உப்பு இருக்குறதைக் கண்டுபிடிச்சார். 1848-ல ஆல்ஃப்ரெட் கரோட் நோயாளியோட ரத்தத்துலயே அந்த அமிலம் கூடுதலா இருக்குன்னு காட்டினார். காரணம் பணம் இல்ல, வேதியியல்னு தெரிஞ்சாச்சு. ஆனாலும் பட்டப்பேர் போகல.

ஏன் போகல? ஏன்னா கறி அப்போ அபூர்வம். எங்க ஊர் உத்தமபாளையத்தை எடுத்துக்கோங்க. முல்லைப் பெரியாறு தண்ணி பாயுற கம்பம் பள்ளத்தாக்குல நெல்லும் பன்னீர் திராட்சையும் விளையும், ஆனா ஆட்டுக்கறி தினசரி சாப்பாடு இல்ல. பக்ரீத் முடிஞ்சு கறி மீந்தா, இல்ல விசேஷத்துக்கு வெட்டினதுல மிச்சம் இருந்தா, நீளவாக்குல அரிஞ்சு, உப்பும் மஞ்சளும் தடவி, நூல்ல கோத்து வெயில்ல தொங்கவிடுவாங்க. அதுதான் உப்புக்கண்டம். தேவைப்படுறப்போ ரெண்டு துண்டை எண்ணெய்ல பொரிச்சா ஒரு சட்டி சோறு இறங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டோட சேமிப்பு அது.

2015 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்தின இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியல்ல சேர்த்துச்சு. அவங்க கொடுத்த விளக்கம் என்ன தெரியுமா? உப்பிட்டோ, புகையிட்டோ, புளிக்கவச்சோ, ருசிக்காகவும் கெடாம இருக்கவும் மாத்தின இறைச்சி. அந்தக் கணக்குல உப்புக்கண்டமும் சாசேஜும் ஒரே குடும்பம்தான். வித்தியாசம் அளவுல இருக்கு. உப்புக்கண்டம் எப்பவாவது ரெண்டு துண்டு. சாசேஜும் சலாமியும் ஃப்ரீசர்ல எப்பவும் இருக்கு, ஆப்ல ஆர்டர் போட்டா பத்து நிமிஷத்துல வருது. அரசனுக்கு மட்டும் தினமும் கிடைச்சது இப்போ ஹாஸ்டல் பசங்களுக்கும் கிடைக்குது.

கவுட் இருக்கிறவங்க இதையெல்லாம் எப்படி எடுத்துக்கணும்? சாசேஜ்ல இருக்கிற ப்யூரின் பெரும்பாலும் சாதாரணக் கறியை ஒட்டித்தான் இருக்கும். உண்மையில உச்சத்துல இருக்கிறது ஈரல், சுவரொட்டி, நெத்திலி மாதிரி வகைகள். உலர்த்தினா தண்ணி போகும், ப்யூரின் போகாது. அதனால ஒரு கைப்பிடி உப்புக்கண்டம் அதைவிடப் பல மடங்கு பச்சைக்கறிக்குச் சமம். உப்பும் அதிகம். கவுட்டோட ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் அடிக்கடி சேர்ந்தே வரும்ங்கிறதால அதுவும் கவலைதான்.

2004-ல ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு வந்துச்சு. 47,150 ஆண்களை 12 வருஷம் கவனிச்சாங்க. இறைச்சி மிக அதிகமா சாப்பிட்டவங்களுக்கு, மிகக் குறைவா சாப்பிட்டவங்களைவிட கவுட் வர்ற வாய்ப்பு 41 சதவீதம் அதிகம். கடல் உணவுல 51 சதவீதம். ஆனா ப்யூரின் அதிகமுள்ள காய்கறிகளால ஆபத்து கூடல. பால் பொருள்கள் அதிகம் சாப்பிட்டவங்களுக்கு வாய்ப்பு குறைஞ்சது. சரகர் பட்டியல்ல தயிரும் உளுந்தும் கொள்ளும்கூட இருந்துச்சு. அந்த இடத்துல இன்னைய ஆய்வு அவரோட ஒத்துப்போகல. கரும்புல ஒத்துப்போகுது: 2008-ல வந்த ஆய்வுல, தினமும் ரெண்டு டம்ளரோ அதுக்கு மேலயோ சர்க்கரை போட்ட கூல்ட்ரிங்க் குடிச்ச ஆண்களுக்கு வாய்ப்பு 85 சதவீதம் அதிகம்.

நம்ம வீடுகள்ல நடக்கிறது நேர்மாறு. கவுட்னு தெரிஞ்ச உடனே பருப்பையும் கீரையையும் நிறுத்துறோம், பர்கரோட வர்ற கோலாவை விடுறதில்ல.

இன்னொண்ணும் சொல்லியாகணும். 2018-ல நியூசிலாந்து ஆய்வாளர்கள் 16,760 பேரோட தரவுகளைப் பார்த்தாங்க. ஆளுக்கு ஆள் யூரிக் அமிலம் மாறுறதுல எந்த ஒரு உணவோட பங்கும் ஒரு சதவீதத்துக்குக் கீழதான். மரபணுக்களோட பங்கு கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு. அதனால உணவுக் கட்டுப்பாடு உதவும், ஆனா பல பேருக்கு அது மட்டும் போதாது. டாக்டர் மாத்திரை கொடுத்தா, "வாயைக் கட்டுனா சரியாப் போயிடும்"னு நீங்களா நிறுத்தாதீங்க. வலிக்கிறவரைப் பார்த்து "நல்லாத் தின்ன, இப்போ அனுபவி"ன்னும் சொல்லாதீங்க.

பெருவிரல் திடீர்னு வீங்கினா சுளுக்குன்னு நினைச்சு தைலம் தடவிட்டு விட்டுடாதீங்க, டாக்டரைப் பாருங்க. வலி இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில யூரிக் அமிலம் சாதாரணமாகவே காட்டலாம். வலி அடங்கி ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாருங்க. "நான் என்ன பணக்காரனா, எனக்கு இது வர்றதுக்கு?"ன்னு தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் அந்த ஊசிகள் மூட்டுல சேர்ந்துக்கிட்டே இருக்கலாம்.