செவிலியர் கண்ட மருந்து

தேற்றத் தேற்றத் தேறாது அழும் குழந்தையின் முன் அறிஞரும் செல்வரும் ஒருங்கே செயலற்று நிற்பர். அந்நேரத்தில் அதனைக் கையிலேந்திப் பாடத் தெரிந்தவள் செவிலி. பழைய கிரேக்கத்திலும் உரோமிலும் இப்பணியைச் செய்தவர்களுள் பலர் அடிமைப் பெண்கள்; வறுமையால் கூலிக்குப் பாலூட்ட வந்தோரும் உண்டு. அவர்கள் எழுதிவைத்த நூல் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர்தம் பாட்டின் பயனைப் பேரறிஞர்கள் தம் நூல்களில் குறித்துள்ளனர்.

பிளேட்டோ தம் இறுதிக் காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலின் 7ஆம் பகுதி குழந்தை வளர்ப்பைப் பேசுகிறது. உறங்க மறுக்கும் மகவைத் தாயர் அசையாமல் கிடத்துவதில்லை, ஏந்தி ஆட்டுகின்றனர். வாய்மூடி இருப்பதுமில்லை, பாடுகின்றனர். இம்முறையின் பயனைச் செவிலியர் பட்டறிவால் அறிந்தனர் என்று அவர் ஒப்புகிறார். குழந்தையின் கலக்கத்துக்கு அச்சமே காரணம் என்றும், வெளியிலிருந்து வரும் அசைவு உள்ளத்தில் எழும் அச்சத்தின் அசைவை வென்று அமைதி தருகிறது என்றும் விளக்குகிறார். விளக்கம் தத்துவ அறிஞருடையது, கண்டுபிடிப்போ செவிலியருடையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டினரான கிரிசிப்பஸ், செவிலியர் குழந்தைகளுக்குப் பாடுவதற்கெனத் தனியொரு பாட்டு வகையையே விதித்தார் என்று குவிண்டிலியன் எழுதுகிறார்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பெருமருத்துவர் கேலன் உடல்நலம் பேணுதல் பற்றி எழுதிய நூலிலும் செவிலியரின் பட்டறிவு பேசப்படுகிறது. அழும் குழந்தைக்கு அவர்கள் கண்ட மருந்துகள் மூன்று: முலை கொடுத்தல், அளவோடு அசைத்தல், குரலை இசைபட எழுப்புதல். அசைவுக்கும் இசைக்கும் குழந்தை அடங்குவதால், உடற்பயிற்சியிலும் இசையிலும் நாட்டம் மனிதனுக்குப் பிறப்பிலேயே அமைந்தது என்று அவர் முடிவு செய்கிறார்.

அவரே கூறும் நிகழ்ச்சி ஒன்று நம் சிந்தனைக்குரியது. ஒரு குழந்தை நாள் முழுதும் கைகால்களை உதறி அழுதது. செவிலி முலை கொடுத்தாள், ஏந்தி ஆட்டினாள், எதற்கும் அது அடங்கவில்லை. கேலன் உற்று நோக்கினார். படுக்கையும் துணிகளும் அழுக்கேறிக் கிடந்தன. குழந்தையும் குளிப்பாட்டப்படாமல் இருந்தது. நீராட்டித் துணிகளை மாற்றுமாறு சொன்னார். அழுகை உடனே நின்றது. குழந்தை நெடுநேரம் இனிது உறங்கிற்று. வழக்கமான மருந்துகள் தோற்ற இடத்தில் கூர்ந்து பார்த்த கண் வென்றது.

இந்த உண்மையை இக்கால ஆய்வொன்றும் வேறு வகையில் காட்டுகிறது. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற அவ்வாய்வு 2013இல் வெளியாயிற்று. பெற்றோர் தேர்ந்த பாட்டைக் குழந்தையின் மூச்சுக்கும் நிலைக்கும் இயைந்த தாலாட்டாகப் பாடினர். குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்தது. பெற்றோரின் மனக்கலக்கமும் குறைந்தது. முதலில் குழந்தையின் மூச்சைக் கேட்டு, அதன்பின் பாடுவதே அங்குக் கையாண்ட முறை.

நம் அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தவளாக வரும் செவிலியின் பெயரையே இன்று மருத்துவமனைத் தாதியர்க்கு வழங்குகிறோம். பெயர் நிலைத்தது. பண்டை உரோமின் செவிலியர் பாடிய பாடல்களோ ஏறத்தாழ முற்றும் மறைந்தன. பெர்சியஸ் என்னும் கவிஞரின் நூலுக்குப் பிறர் எழுதிய உரைக்குறிப்பில் ஒரு சிறு தாலாட்டு வரி எஞ்சி நிற்கிறது. கவிஞரின் ஏடுகள் காக்கப்பட்டமையால் பெயரறியாப் பெண்ணொருத்தியின் வரியும் உடன் பிழைத்தது.

பத்தாண்டுகளாகக் கவிதைகளைப் படித்தும் கேட்டும் வந்த நம் வட்டம் இதிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. நம் ஏடுகளின் ஓரத்திலேனும் அத்தகைய பெண்களின் பாட்டுக்கு இடம் வைக்க வேண்டும். பாடுமுன், அழுகை எதைக் கேட்கிறது என்று செவி சாய்க்க வேண்டும்.