உசேன் சாகரில் பாண்டூன் படகு: அவுட்போர்டு எஞ்சின், புரொப்பெல்லர் கோளாறுகள்

உள்ளீடற்ற உலோக உருளைகள் இரண்டையோ மூன்றையோ இணைத்து, மேலே தட்டையான தளம் போட்டது பாண்டூன் படகு. அதன் பின்புறச் சட்டத்தில் மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சினில் மேலே எஞ்சின், நடுவே தண்டு, அடியில் கியர்பெட்டியும் புரொப்பெல்லரும் ஒரே தொகுப்பாக இருக்கும். அமெரிக்கரான ஓலே எவின்ரூட் 1909இல் இதை வணிக அளவில் விற்கத் தொடங்கினார். இன்று தமிழகக் கடற்கரையின் ஃபைபர் படகு முதல் ஐதராபாத் உசேன் சாகரின் உல்லாசப் படகு வரை இதுவே துணை. ஆனால் கடலில் உப்பால் வரும் தொல்லை உசேன் சாகரில் இல்லை. அங்கே வேறு வகைத் தொல்லை.

இப்ராகிம் குலி குதுப் ஷா ஆட்சியில், 1560களில், மூசி ஆற்றின் கிளையோடையை மறித்து உருவான ஏரி இது. கூக்கட்பல்லி, பிக்கெட், பஞ்சாரா, பல்காப்பூர் ஆகிய நான்கு நாலாக்கள் (ஓடைகள்) பல ஆண்டுகளாக நகரின் கழிவுநீரை இதில் கொண்டுவந்து சேர்த்தன. சத்து மிகுந்த நீரில் ஆகாயத்தாமரை பெருகுகிறது. விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் சிலைகளின் துணி, தென்னைநார், மாலை நூல், இரும்புக் கம்பி எல்லாம் கரையோரம் தங்கிவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை இங்கே கரைப்பதற்குத் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் தடை விதித்தது. அந்த ஓராண்டுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. படகோட்டிக்கு இதெல்லாம் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும் பொருள்களின் பட்டியல்தான். ஆகவே இந்த ஏரியில் எஞ்சின் தகராறு செய்தால் மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன் அடியைப் பார்ப்பதே முறை.

எஞ்சின் திணறி வேகம் குறைந்தாலோ, தளத்தில் புதிதாக அதிர்வு தெரிந்தாலோ, முதலில் நியூட்ரலுக்கு வந்து, எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் கயிற்றை உருவிய பிறகே அதை மேலே சாய்க்க வேண்டும். கொடியோ துணியோ என்றால் சுற்றிய திசைக்கு எதிராகப் பிரித்தெடுக்கலாம். தூண்டில் நரம்பு அப்படியல்ல. அது புரொப்பெல்லருக்கு முன்னால் தண்டோடு இறுகி, எண்ணெய் சீலை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தால் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும்; உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று பொருள். அப்படியே ஓட்டினால் பேரிங்கும் கியரும் போகும்.

நரம்பை எடுக்கப் புரொப்பெல்லரையே கழற்ற வேண்டும். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, இறக்கைக்கும் மேலுள்ள தகட்டுக்கும் இடையே மரக்கட்டை கொடுத்து நட்டைத் திருப்புவது வழக்கம். வாஷர்கள் கழன்ற வரிசையை நினைவில் வைக்க வேண்டும். முன்பக்க வாஷரை மறந்தால் புரொப்பெல்லர் கியர்பெட்டியோடு உரசும். திரும்பப் பூட்டும்போது தண்டுக்குக் கிரீஸ், புது ஸ்பிளிட் பின். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது புரொப்பெல்லரை ஏரிக்குக் காணிக்கை கொடுப்பதற்குச் சமம்.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது ஹப் நழுவுவது. கம்பியிலோ கல்லிலோ மோதும்போது கியர் உடையாமல் காக்க, புரொப்பெல்லரின் நடுவே ரப்பர் புஷ் உண்டு. பழைய சிறு எஞ்சின்களில் அதற்குப் பதில் ஷியர் பின். ரப்பரின் பிடி விட்டுப்போனால் மெதுவாக ஓடும்போது எல்லாம் சரியாகவே இருக்கும், முடுக்கினால்தான் வழுக்கும். உள்வளையத்திலும் வெளிக்கூட்டிலும் சேர்த்து ஒரு கோடு பெயிண்டால் இழுத்து, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு விலகியிருந்தால் ஹப் போய்விட்டது.

இரண்டாவது, புரொப்பெல்லர் காற்றை இழுப்பது. இதையும் மெக்கானிக்குகள் கேவிடேஷன் என்றே சொல்வார்கள். உண்மையில் கேவிடேஷன் என்பது அழுத்தம் குறைந்து இறக்கையின் மேல் நீராவிக் குமிழ்கள் உண்டாகி வெடித்து, உலோகத்தைப் பொத்தலாக்கும் வேறு நிகழ்வு. மேற்பரப்புக் காற்று உள்ளே போவதற்கு எஞ்சினை உயரமாக மாட்டியதோ அளவுக்கு மீறிச் சாய்த்ததோ காரணமாகும். பயணிகள் எல்லாரும் முன்பக்கம் போய் நின்றாலும் பின்பக்கம் தூக்கி இதே நிலை வரும். ஏரி நடுவிலுள்ள புத்தர் சிலை நெருங்கும்போது நடப்பது அதுதான்.

அடுத்தது குளிர்விப்பு. அவுட்போர்டு ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்கிறது. ஓடும்போது பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சுவதே அதற்கு அடையாளம். தாரை மெலிந்தாலோ நின்றாலோ உடனே நிறுத்த வேண்டும். கீழேயுள்ள உறிஞ்சும் சல்லடையில் பாலிதீன் ஒட்டியிருக்கலாம், தாரைத் துளையில் சேறு அடைத்திருக்கலாம். துளையை மெல்லிய கம்பியால் குத்தியும் வராவிட்டால் பம்பின் ரப்பர் இம்பெல்லரைச் சந்தேகிக்க வேண்டும். கரையில் தண்ணீர் கொடுக்காமல் சில விநாடி ஓட்டிப் பார்ப்பதே அதைக் கெடுத்துவிடும்.

எரிபொருள் சிக்கல் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. இந்தியா 2025இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கை எட்டியது. அவுட்போர்டு தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் அனுமதிப்பது 10 சதவீதம் வரை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் டாங்கில் கிடந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, எஞ்சின் அந்த அடித்தண்ணீரையே முதலில் குடிக்கும். நீர் பிரிக்கும் ஃபில்டரும், தேவைக்கு மட்டும் நிரப்புவதும் பலன் தரும். கைப்பம்பு உருண்டை சுருங்கியே கிடந்தால் டாங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்தோமா என்று பார்ப்பது போதும்.

உசேன் சாகரின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 513.41 மீட்டர். 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் என்ற பொதுக்கணக்கில், சென்னையில் முழுத்திறன் காட்டும் எஞ்சின் இங்கே 5 சதவீதம் குறைவாகவே தரும். இதில் கோளாறு ஏதுமில்லை. முழு முடுக்கத்தில் கையேட்டில் சொன்ன சுழற்சி எண்ணிக்கை வராவிட்டால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் போடலாம். ஒரு அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று கூடும். அதற்கு முன் படகு ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது. உருளையின் பற்றவைப்பில் சிறு விரிசல் விழுந்து உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால், எந்தப் புரொப்பெல்லர் போட்டாலும் வேகம் வராது.