வெட்டிய நூலில் விளைந்த கலை

திமிரி, ஆற்காடு, ஆம்பூர் என்றதும், கடல்கடந்து செல்லும் சரக்காக நம் நினைவுக்கு வருவது தோல். ஆனால் பெரிய தோல் ஆலைகள் எழுவதற்கு வெகுகாலம் முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்ற சரக்கு ஒன்றுண்டு: கட்டம்போட்ட கைத்தறித் துணி. வணிகர்கள் அதனை 'மதராஸ் கைக்குட்டை' என்றனர். 1613இல் பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் இக்கரையின் துணி வணிகத்தில் முன்னின்றனர், ஆங்கிலேயரும் பின்தொடர்ந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தியத் துணியைக் கொடுத்து வாங்கப்பட்டவற்றுள் மனிதர்களும் அடக்கம் என்பதை நாம் மறத்தலாகாது.

நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்கள் இத்துணியை 'இஞ்சிரி' என்றழைத்தனர். அதை அவர்கள் வாங்கி உடுத்தியதோடு நிற்கவில்லை. களபாரிப் பெண்கள், தேர்ந்தெடுத்த நூல்களை ஊசியால் தூக்கிக் கூரிய கத்தியால் அறுத்து உருவினர். புதிதாக ஓர் இழையும் சேர்க்காமல், நீக்குவதாலேயே புதிய கோலம் பிறந்தது. இதன் பெயர் 'பெலெதே பிடே'.

1963 முதல் 1966 வரை நைஜீரியாவில் வாழ்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஐக்கர், களபாரி அறிஞர் டோன்யே எரெகோசிமாவுடன் இணைந்து 1981இல் இக்கலை பற்றி 'ஆப்பிரிக்கன் ஆர்ட்ஸ்' இதழில் எழுதினார். தேர்தல், பெயரிடல், வாழ்வில் இணைத்தல், உருமாற்றல் என நான்கு படிகளில் அயற்பொருள் தன்பொருளாகிறது என்பது இவர்கள் முன்வைத்த கருத்து. கடன்வாங்கல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது உண்மையில் ஒரு படைப்புச் செயல் என்பதை இது உணர்த்துகிறது.

களபாரிக் குடும்பங்கள் இத்துணிகளைத் தலைமுறைகளாகப் பெட்டிகளில் காக்கின்றன. மூத்தோர் மறைந்தால் அவற்றைக் கொண்டு கட்டிலையும் அறையையும் அலங்கரிக்கின்றன. அம்மரபு நவீன சிற்பத்திலும் நுழைந்தது. 1958இல் புகுமாவில் பிறந்த சொகாரி டக்ளஸ் காம்ப், 1984இல் 'சர்ச் எதே' என்னும் இறுதிச்சடங்குக் கட்டிலை எஃகில் வடித்தார்.

நெய்தவர் பெயரும் நமக்குத் தெரியாது. அறுத்தவர் பெயரும் பெரும்பாலும் தெரியாது. நம் நெசவு வரலாறு துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. துணியின் வாழ்க்கையோ அங்கிருந்துதான் தொடங்கியது. அதன் மறுபாதியைப் படிக்க வேண்டுமானால் நாம் புகுமாவின் பெட்டிகளைத்தான் திறந்துபார்க்க வேண்டும்.