டயாப்லோ: விட்டுப்போனவரும் வந்துசேர்ந்தவரும்

பேய் எங்களூருக்குப் புதிதல்ல. காரைக்கால் அம்மையார் தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். ஆனால் என் பள்ளிக்கூட நாட்களின் பேய்கள் இருந்தது ஒரு பிரவுசிங் சென்டரின் பின்னறையில். நாலு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், யாரோ சென்னையிலிருந்து கொண்டுவந்த 'டயாப்லோ 2' சிடி. பெரிய பேயைக் கொன்றால் வாளும் மோதிரமும் தங்கமும் தரையில் சிதறும். என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த அரை நொடிக்காகத்தான் விடிய விடிய விளையாடினோம்.

அதை உருவாக்கியவர்கள் கலிபோர்னியாவில் ஒரு சின்னக் குழு. டேவிட் பிரெவிக்கும், எரிக், மேக்ஸ் என்ற ஷேஃபர் சகோதரர்களும் 1993ல் தொடங்கிய காண்டோர் நிறுவனத்தை 1996ல் பிளிசார்ட் வாங்கி 'பிளிசார்ட் நார்த்' ஆக்கியது. இரண்டாம் பாகம் 2000 ஜூனில் வந்தது. உரிமையாளரான விவெண்டியோடு ஒத்துப்போகாமல் 2003ல் இவர்கள் வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒரு மூன்றாம் பாகத்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். 2005ல் பிளிசார்ட் நார்த்தே மூடப்பட்டது, அந்த ஆட்டமும் கைவிடப்பட்டது. பிறகு தெற்கே இர்வைனில் புதிதாக ஆரம்பித்தார்கள். பொறுப்புக்கு வந்த ஜே வில்சன், ரெலிக் நிறுவனத்தில் வேறு ஆட்டங்கள் செய்தவர்.

2012 மே 15ல் 'டயாப்லோ 3' வெளியானது. முதல் நாளிலேயே 35 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. தனியாக விளையாடுவதற்கும் இணையம் வேண்டும் என்று வைத்திருந்ததால், வாங்கியவர்களில் பலர் அன்று பார்த்தது 'பிழை 37' என்ற செய்தியைத்தான். அதைவிடப் பெரிய சிக்கல் ஏலக்கூடம். ஆட்டத்தில் கிடைக்கும் பொருளை நிஜப் பணத்துக்கு விற்கலாம், வாங்கலாம். வெளியே திருட்டுத்தனமாக நடந்த வியாபாரத்தை உள்ளே கொண்டுவந்து மோசடியைத் தடுப்பதுதான் நோக்கம். மோசமான நோக்கம் இல்லை. ஆனால் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவனுக்கு இதிலுள்ள கோளாறு சட்டென்று புரியும். கரையில் நின்று மீன் வாங்கலாம், தப்பில்லை. அதைக் கடலுக்குப் போய்வந்ததாகச் சொல்ல முடியுமா? நல்ல வாள் கடையில் இருக்கும்போது பேயை எதற்குக் கொல்வது?

அந்த ஆகஸ்டில் ஒரு பேட்டியில் பிரெவிக் வாய் திறந்தார். தான் எடுத்திருக்க மாட்டாத முடிவுகளை எடுத்திருக்கிறார்கள் என்றார். பொருள்கள் விழும் முறையைக் குறை சொன்னார். பேச்சு கண்ணியமாகத்தான் இருந்தது. ஆனால் புதிய குழுவுக்குச் சுட்டது. ஃபேஸ்புக்கில் சக ஊழியர்கள் பொருமிக்கொண்டிருந்த இடத்தில், வில்சன் பிரெவிக்கை ஒரு கெட்ட வார்த்தையோடு உதவாக்கரை என்கிற மாதிரி எழுதிவிட்டார். அது வெளியே பரவ, பகிரங்கமாக மன்னிப்பு கேட்க வேண்டியதாயிற்று. ஷேஃபர் சகோதரர்களின் ரூனிக் நிறுவனம் செப்டம்பரில் 'டார்ச்லைட் 2' வெளியிட்டது. 20 டாலர், இணையம் இல்லாமலும் விளையாடலாம். பேட்டியைவிடக் காரமான விமர்சனம் அதுதான் என்பேன்.

அப்போது நான் முழுக்க பிரெவிக் கட்சி. பிறகு 2016ல் அவர் முதல் 'டயாப்லோ' உருவான கதையை ஒரு மாநாட்டில் சொன்னதைப் பார்த்தேன். அவர் முதலில் திட்டமிட்டது சதுரங்கம் மாதிரி மாறி மாறிக் காய் நகர்த்தும் ஆட்டம். நேரடியாக ஓடி அடிக்கும் ஆட்டமாக்கச் சொல்லி அழுத்தியது பிளிசார்ட். பிரெவிக் எதிர்த்திருக்கிறார். வாக்கெடுப்பில் தோற்று, இதற்கு அதிகக் காலமும் பணமும் ஆகும் என்று சொல்லிவிட்டு, ஒரே மதியத்தில் மாற்றிவிட்டார். முதல் எலும்புக்கூட்டைச் சொடுக்கியதும் அது நொறுங்கி விழ, அவருக்கே தெரிந்துவிட்டதாம். 'டயாப்லோ'வின் உயிர் என்று நாம் நினைப்பது வெளியாள் திணித்தது!

எங்க ஊர்ப்பக்கச் சரித்திரத்திலும் இந்தச் சண்டை உண்டு. 1754ல் துய்ப்ளேயை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் கொதேஹு வந்தார். வந்தவர் ஆங்கிலேயரோடு சமாதானம் பேசினார். துய்ப்ளே பிரான்ஸ் போய் 1759ல் கம்பெனிமீது நீண்ட முறையீடு அச்சிட்டார், 1763ல் கடனோடு செத்தார். அவர் கணக்கில் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. முடிக்காமல் விட்டுப்போன வேலை விட்டவன் மனதில் குறையே இல்லாமல் முடிந்திருக்கும். பிரெவிக்கின் மூன்றாம் பாகத்தை யாரும் விளையாடிப் பார்க்கவில்லையே!

பொருள் விழும் விஷயத்தில் பிரெவிக் சொன்னது சரிதான். ஏலக்கூடம் ஆட்டத்தைக் கெடுத்தது என்று 2013 மார்ச்சில் வில்சனே மேடையில் ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். 2014 மார்ச் 18ல் ஏலக்கூடத்தை மூடினார்கள். சரிசெய்தவர்களும் வந்துசேர்ந்தவர்கள்தான், விட்டுப்போனவர்கள் அல்ல.

இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன் என்றால், சில வருடம் முன்பு நானும் ஒரு மேடையில் பேசினேன். நான் வேலையை விட்டுவந்த ஒரு கம்பெனியில் என் வட்டிக்கணக்கு நிரலைப் புதுப் பையன்கள் திருப்பி எழுதியிருந்தார்கள். "கெடுத்து வச்சிருக்காங்க" என்றேன், சிரிப்பும் கைதட்டலும். முடிந்ததும் ஒரு பையன் டீ கப்போடு வந்தான். "அண்ணா, அதை எழுதுனது நான்தான். அந்த பைசாவை ஏன் கீழ்நோக்கி முழுமையாக்குனீங்கன்னு எங்கயுமே எழுதலையே. கேக்கவும் ஆள் இல்ல."

அன்றிரவு அவனுக்கு விளக்கி ஒரு மெயில் எழுத உட்கார்ந்தேன். பாதிக் காரணம் எனக்கே ஞாபகம் வரவில்லை.