புகுஷிமாவின் பின் ஜப்பானியரின் மனம் மாறியது எப்படி?

ஜப்பானின் புட்டபா நகர வீதியில் 1980களின் இறுதியில் ஒரு வரவேற்பு வளைவு அமைக்கப்பட்டது. அணுசக்தியே ஒளிமயமான எதிர்காலத்துக்கான சக்தி என்று பொருள்படும் வாசகம் அதில் இருந்தது. எழுதியவர் அவ்வூர்ப் பாடசாலை மாணவர் ஒருவர். ஊரின் எல்லையில்தான் புகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையம். ஆனால் அங்கு உற்பத்தியான மின்சாரம் போனதோ டோக்கியோ பிராந்தியத்துக்கு.

2011 மார்ச் 11ஆம் திகதி 9.0 அளவிலான நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. குளிரூட்டும் ஏற்பாடுகள் செயலிழந்து, மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. புட்டபாவின் சுமார் 7,000 பேர் உட்பட 150,000க்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர்.

அதுவரை ஜப்பானின் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வழங்கியவை 54 அணு உலைகள். 2012 மே மாதமளவில் அனைத்தும் நிறுத்தப்பட்டிருந்தன. அவ்வாண்டு ஜூலையில் டோக்கியோவில் அணு உலைகளுக்கு எதிராகப் பெரும் பேரணி நடந்தது. 2015 ஓகஸ்ட்டில் செண்டாய் நிலையம் மீள இயங்கத் தொடங்கியபோதும் மக்களில் பெரும்பான்மையோர் எதிர்த்தே நின்றனர்.

2022இல் உக்ரைன் போர் வந்தது. எரிவாயுவையும் நிலக்கரியையும் இறக்குமதி செய்யும் ஜப்பானில் மின்கட்டணம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அசாஹி ஷிம்புன் பத்திரிகை நடத்திய கருத்துக்கணிப்பில், உலைகளை மீள இயக்க 51 சதவீதத்தினர் ஆதரவு, 42 சதவீதத்தினர் எதிர்ப்பு. விபத்துக்குப் பின் அந்தப் பத்திரிகையின் கணிப்பில் ஆதரவு பாதியைத் தாண்டியது அதுவே முதல் தடவை.

இதே காலத்தில் புட்டபாவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே நான் இந்த எண்களை வாசிக்கிறேன். அங்கு மீண்டும் குடியிருக்க அனுமதி கிடைத்தது 2022 ஓகஸ்ட்டில், அதுவும் நகரின் ஒரு பகுதியில் மட்டும். அங்கும் அயலூரான ஒகுமாவிலும் மக்களின் காணிகளில், அகற்றப்பட்ட கதிரியக்க மண் குவிக்கப்பட்டுள்ளது. 2045க்குள் அதை மாகாணத்துக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது சட்டம்.

அந்த வளைவு 2015 இறுதியில் கழற்றப்பட்டது. வாசகத்தை எழுதிய மாணவர் அப்போது வளர்ந்தவர். பாடமாக அங்கேயே இருக்கட்டும் என்று அவர் கேட்டும் பயனில்லை.

மின்கட்டணம் கட்டுபவரும் ஊரை இழந்தவரும் கருத்துக்கணிப்பில் ஆளுக்கொரு எண்தான். கட்டுபவர்கள் கோடிக்கணக்கில், இழந்தவர்கள் சில இலட்சம்கூட இல்லை. ஆகவே, நாட்டின் மனம் மாறிவிட்டது என்ற செய்தி எங்கிருந்து வந்தாலும், கேட்கப்பட்டவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சொந்தக் காணிக்குத் திரும்ப ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.