லயத்துக்குக் கடிதம் வந்த வழி

இலங்கையின் மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடியது. அது 1832இல் தொடங்கியது. கண்டிக்கு மேலே ஏறும் கடிதமோ நடந்து சுமப்பவரையும் மாட்டு வண்டியையும் நம்பியிருந்தது. மழைக்காலத்தில் பாதை சரிந்தால் அதுவும் நின்றுவிடும்.

1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ரயிலும் அதே காலத்தில்தான் மலையேறியது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா என்று பாதை நீண்டது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களுக்கு ஹட்டன் வாசலானது. மாட்டு வண்டிக்குப் பல நாள் பிடித்த தூரத்தைத் தபால் பை ஒரு நாளுக்குள் கடந்தது.

ஆனால் தபால் கந்தோர் தோட்டத்துக்குள் இல்லை. கந்தோரிலிருந்து தோட்ட ஆபீஸ் வரையுள்ள சில மைல்களைத் தோட்டத்தின் சம்பளத்தில் வேலைசெய்த தபால்காரர் நாள்தோறும் நடந்தார். காலையில் ஆபீஸ் கடிதங்களோடு இறங்கி, வந்த கடிதங்களையும் பத்திரிகைகளையும் சுமந்து திரும்புவார். தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவுக்கு வேண்டிய சாமான்களும் பல நாள் அந்தச் சுமையில் சேரும். மலையகத் தபாலின் வரலாற்றில் ரயிலுக்குக் கிடைத்த இடம் இந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவர் நடக்காத நாளில் ரயிலின் வேகத்தால் தோட்டத்துக்குப் பயனே இல்லை.

பல தோட்டங்களின் உரிமையாளர்கள் லண்டனில் பதிவான கம்பெனிகள். அவர்களுக்காகத் தோட்டத்தை நடத்தியவை கொழும்பின் ஏஜென்சி கம்பெனிகள். மாதக் கணக்கு, கொழுந்து விளைச்சல், செலவுக்கான பணக் கோரிக்கை எல்லாம் பெரிய கிளாக்கரின் மேசையிலிருந்து கொழும்புக்குப் போயின. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியபின், விலை நிலவரமும் தரத்தைப் பற்றிய குறைகளும் அதே வழியில் மேலே வந்தன. துரைக்கு வரும் உறை பை திறந்ததும் அவர் மேசைக்குப் போய்விடும்.

தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தவரின் கடிதம் அப்படிப் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில் தகரத் துண்டு தொங்கியது. அதில் அவர் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் எண் பொறித்திருந்தது. அவருடைய முகவரியும் அதைப்போலவே தோட்டத்தின் பெயரோடு நின்றது, வீட்டுக்கு இலக்கம் இல்லை. திருச்சியிலோ சேலத்திலோ எழுதிய கடிதம், 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையால் கடலை விரைவாகக் கடந்தது. பிறகு தோட்ட ஆபீஸில் காத்திருந்தது. யாராவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அல்லது கணக்கப்பிள்ளை கையில் கொடுத்தனுப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதைப் படித்துக் காட்ட இன்னொருவரும் வேண்டும். தாமதம் எங்கே நேர்ந்தது என்பதை உறையே ஓரளவு காட்டியது. கந்தோரில் குத்திய முத்திரைத் தேதிக்கும் கடிதம் கைக்கு வந்த நாளுக்கும் உள்ள இடைவெளி, தபால் கந்தோருக்கு அப்பால் கழிந்த காலம்.

மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் இந்த இடைவெளியின் கனம் கூடியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை கேட்டவர்கள் தொடர்ந்து நாட்டில் குடியிருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பலருக்கு அதற்கான ஆதாரம் தோட்டத்தின் பதிவேடுகளிலும் வேலைநாள் பதியும் செக்ரோலிலும்தான் இருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. அதன்பின் கடவுச்சீட்டு, விண்ணப்பம், விசாரணை தொடர்பான உறைகள் லயங்களைத் தேடி வரத் தொடங்கின. ஒரு குடும்பம் எந்த நாட்டில் வாழும் என்பதைத் தீர்மானிக்கும் தாளும் தோட்ட முகவரிக்கே வந்தது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் போனது. தோட்ட ஆபீஸின் கணக்கு இப்போது கணினி வழியாகக் கொழும்பை எட்டுகிறது. லயத்துக்கு வரும் கடிதத்துக்கு இந்த மாற்றம் பெரிதாக உதவவில்லை. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தேதி கடந்தபின் கைக்குக் கிடைத்தது என்ற முறைப்பாடு மலையகத்தில் திரும்பத் திரும்ப எழுந்தது. வீடு வீடாகத் தபால் விநியோகமும் தனி முகவரியும் வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்தே வலுப்பெற்றது. புதிதாகக் கட்டிய தனி வீடுகளுக்குச் சில இடங்களில் இலக்கம் கிடைத்திருக்கிறது. பழைய லய அறைகள் பலவற்றுக்கு இன்னமும் தோட்டத்தின் பெயரும் அதன் பிரிவான டிவிசனின் பெயருமே முகவரி.